சிம்னிக் குழாய் மாட்டிய கார்

இன்று காலை உன் காரின் ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தேன். நான்கு கிளிப்புகளில் கடைசி கிளிப்பு வழக்கம் போல என் விரலைக் கடித்துவிட்டுத்தான் விட்டது. மூடியைத் தூக்கியதும் அந்த வாசனை வந்தது. வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்கும், ரோட்டுப் புழுதியும், கொஞ்சம் எண்ணெயும் கலந்த வாசனை. ஃபில்டரின் மடிப்புகளுக்குள் ஒரு வேப்பிலைச் சருகு சிக்கியிருந்தது. மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சர், வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார்.

"இல்ல சார், மழை வருதுல்ல, ஒரு பைப்ப கழட்டணும்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. யாருக்குத்தான் புரியும்? புரட்டாசி கடைசியில் கழற்றி, தை பிறந்ததும் மறுபடி மாட்டுகிற குழாய். நீ போய் இரண்டு வருஷமாக இந்த வேலையை நான்தான் செய்கிறேன்.

உனக்குக் கடிதம் எழுதி எத்தனையோ காலம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு அடியில் கொடுத்துக்கொண்ட சீட்டுகள்தான் கடைசி. அதற்குப் பிறகு நமக்கு எழுத வேண்டிய அவசியம் வரவில்லை. நீ டவுனில், நான் மூலக்குளத்தில். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் நீ நேராக என் வீட்டுக்கு வந்துவிடுவாய். உன் அண்ணன்கள் இரண்டு பேரும் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். உனக்கும் அந்தக் குடியுரிமை இருந்தது, ஆனால் நீ போகவில்லை. "சொல்தா வீட்டுப் பொண்ணு, இன்னும் இங்கயே கிடக்குறா" என்று உன் தெருவில் பேசிக்கொண்டார்கள். உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் சாகும்வரை நீதான் பார்த்துக்கொண்டாய். ஊர்க்காரர்களின் பிறப்புச் சான்றிதழ்களையும் கல்யாணச் சான்றிதழ்களையும் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கொடுப்பது உன் தொழில். நாள் முழுக்க மற்றவர்கள் கிளம்புவதற்கான காகிதங்களைத் தயார் செய்துவிட்டு, சாயங்காலம் கடற்கரைச் சாலையில் தனியாக நடப்பாய்.

அப்பா போன அடுத்த வருஷம் அந்தச் சிவப்பு காரை வாங்கினாய். சின்ன கார், பழைய கார், ஆனால் டர்போ வைத்தது. என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறுடி" என்றாய். வில்லியனூர் ரோட்டில் ஒரு பேருந்தை முந்தும்போது சீட்டோடு முதுகு ஒட்டிக்கொண்டது எனக்கு. நீ சிரித்த சிரிப்பை அதற்கு முன்னால் எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டுவிழாவாக இருக்கும்.

அதோடு நிறுத்தியிருந்தால் நீ நீயாக இருந்திருக்க மாட்டாய். இன்டர்நெட்டில் யார் யாரோ எழுதியதையெல்லாம் படித்தாய். கம்பெனிக்காரன் போட்ட காற்று டப்பா வண்டிச் சத்தத்தைக் குறைக்கத்தான், அதனால் எஞ்சினுக்குக் காற்று போதவில்லை, அதைக் கழற்றிவிட்டு ஒரு கூம்பு ஃபில்டரைத் திறந்தபடி மாட்டினால் வண்டி பறக்கும் என்றாய். பெட்டி வந்தது. முதலியார்பேட்டை மெக்கானிக்கிடம் போனோம். அவர் கூம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மதாம், ஓடுற வண்டிய எதுக்குப் பிரிக்கிறீங்க?"

"இன்னும் நல்லா ஓடறதுக்கு."

"நல்லாத்தான ஓடுது?"

"நீங்க மாட்டுங்கண்ணா, நான் பாத்துக்கறேன்."

மாட்டியதும் நீ ஆக்சிலேட்டரை மிதித்தாய். புஸ்ஸென்று ஒரு சீறல். காலை எடுத்ததும் பாம்பு பெருமூச்சு விட்ட மாதிரி இன்னொரு சத்தம். "வொலா!" என்று கையைத் தட்டினாய். மெக்கானிக்கும் சிரித்துவிட்டார். அன்றைக்கு நாம் காரணமே இல்லாமல் காலாப்பட்டு வரை போய்விட்டுத் திரும்பினோம். நாற்பத்திரண்டு வயதில் இரண்டு பொம்பளைகள், ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, புஸ் புஸ்ஸென்று.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு இயற்பியல் செய்முறை சொல்லிக்கொடுக்கிறவள். அடுத்த ஞாயிறு பள்ளிக்கூட ஸ்டாப் வாட்ச்சைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆள் இல்லாத இடத்தில், மூன்றாவது கியரில், நாற்பதிலிருந்து எண்பதுக்கு எவ்வளவு நேரம் என்று ஆறு முறை அளந்தேன். அதற்கடுத்த ஞாயிறு உன்னை நச்சரித்துப் பழைய டப்பாவை மாட்டச் சொல்லி, அதே இடத்தில் மறுபடி ஆறு முறை.

நோட்டை உன்னிடம் நீட்டினேன். கூம்பு ஃபில்டரோடு வண்டி கொஞ்சம் மெதுவாகத்தான் போயிருந்தது. அதிகமில்லை, அரை நொடிக்கும் குறைவு. ஆனால் மெதுவாக.

நீ நோட்டைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். "அளந்து பாக்காம உன்னால சந்தோஷப்படவே முடியாதாடி?" என்றாய்.

"உண்மைய சொன்னேன், தப்பா?"

"நான் உங்கிட்ட உண்மை கேட்டனா?"

என்னை வீட்டில் இறக்கிவிட்டுப் போனவள் இரண்டு ஞாயிறு வரவில்லை. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். "அவளுக்கும் சேத்து மீன் வாங்கியாந்துட்டேன், எங்க அவ?" பெரிய மார்க்கெட்டுக்குப் போய் உனக்குப் பிடித்த வஞ்சிரமாகப் பார்த்து வாங்கியிருந்தாள். உனக்குப் போன் செய்யக் கூச்சமாக இருந்தது. நான் சொன்னது சரி என்பதுதான் எனக்கு அப்போது பெரிதாகத் தெரிந்தது. என்னிடம் அந்தக் குணம் உண்டு. உனக்குத் தெரியாததா.

மூன்றாவது ஞாயிறு நீ வந்தாய். வாசலில் நின்றபடியே ஒரு தாளை நீட்டினாய். வண்டியில் செருகி எஞ்சின் விவரங்களைப் போனில் காட்டுகிற ஒரு சின்னக் கருவி வாங்கி, ஒரு வாரம் முழுக்க ஆபீஸ் போக வர எழுதி வைத்திருந்தாய். சிக்னலில் நிற்கும்போது உள்ளே போகிற காற்று எவ்வளவு சூடு, ஓடும்போது எவ்வளவு சூடு.

"கொதிக்கிற எஞ்சின் பக்கத்துலயே வாய வெச்சு உறிஞ்சுதுடி. அதான். டர்போ காத்த அமுக்கும்போது அது இன்னும் சூடாவுது. வண்டி கம்ப்யூட்டரு பயந்துபோயி வேகத்த குறைக்குது. கம்பெனிக்காரன் முட்டாள் இல்ல. அவன் டப்பாவ மூடி வெச்சது சத்தத்துக்கு மட்டும் இல்ல."

"அப்ப நான் சொன்னது…"

"நீ சொன்னது சரிதான். வாய மூடு. உள்ள மீன் இருக்கா?"

அவ்வளவுதான் உன் கோபம். தோற்றதை நீ ஒருநாளும் பொத்தி வைத்ததில்லை. அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஆராய்வாய்.

அடுத்து வந்த ஞாயிறுகளில் என் வீட்டு வாசலில் நடந்ததைத் தெருவே வேடிக்கை பார்த்தது. பழைய டப்பாவையே வைத்துக்கொள்வது, காற்று உள்ளே போகிற அதன் மூக்கை மட்டும் திருத்துவது என்று முடிவு செய்தாய். மூக்கின் வழியில் சத்தம் குறைக்க ஒட்டியிருந்த சின்ன அறையைக் கழற்றி, ஓட்டையை அடைத்தாய். முன்பக்க பம்பரின் வலைக்குப் பின்னாலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவர ஒரு குழாய் வேண்டும். கடை கடையாக அலைந்து கடைசியில் சமையல்கட்டுச் சிம்னிக்குப் போடுகிற அலுமினியக் குழாயை வாங்கிவந்தாய். வளைத்தால் வளையும், பளபளவென்று இருக்கும். சிம்னி வாங்கப் போகிறோம் என்று நினைத்து அம்மா சந்தோஷப்பட்டாள். அது காருக்குப் போகிறது என்று தெரிந்ததும், "ஏம்மா, அதுல என்னா சமைக்கப் போறீங்க?" என்று உன்னைக் கேட்டாள். நீ சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

குழாயின் ஒரு முனை டப்பாவின் மூக்கில், இன்னொரு முனை பம்பருக்குள். இரண்டு பக்கமும் திருகு வைத்த இரும்புப் பட்டை போட்டு இறுக்கினாய். மறுபடி ஸ்டாப் வாட்ச். நாற்பதிலிருந்து எண்பது. இந்த முறை கம்பெனிக்காரனை விடக் கால் நொடி வேகம். என் நோட்டைப் பிடுங்கி அந்த எண்ணைச் சுற்றி நீயே வட்டம் போட்டாய்.

"கால் நொடிக்கா இவ்ளோ?" என்றேன்.

"நம்ம கால் நொடிடி" என்றாய்.

இதுவரை எழுதியது சுலபம். இனிமேல்தான் நான் எழுத உட்கார்ந்தது.

அந்த வருஷக் கார்த்திகை மழை உனக்கு நினைவிருக்கும். சனிக்கிழமை பிடித்த மழை ஞாயிறும் விடவில்லை. பூசையிலிருந்து நனைந்துகொண்டே நீ வந்து, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தாய். என் பெண் கயல் அவள் அத்தை வீட்டில் இருந்தாள், என் வீட்டுக்காரர் நெய்வேலியில் டூட்டியில். பதினோரு மணி இருக்கும். அடுப்படியிலிருந்து அம்மா, "மாரு பிசையுதும்மா" என்றாள். திரும்பிப் பார்த்தபோது வேர்த்து ஊற்றியிருந்தது. இடது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வழியில் மரம் விழுந்திருக்கிறது, சுற்றி வர நேரமாகும் என்றார்கள். நீ அதற்குள் அம்மாவைத் தூக்கிப் பின் சீட்டில் படுக்க வைத்துவிட்டாய். நான் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வண்டி கிளம்பியது.

டவுனுக்குள் நுழைவதற்கு முன்னால் ரோடு தாழ்கிற அந்த இடத்தில் ஒரே தண்ணீர். செம்மண் நிறத்தில், எங்கே ரோடு, எங்கே வாய்க்கால் என்று தெரியாத தண்ணீர். ஒரு பெரிய வண்டி அலையடித்துக்கொண்டு கடந்து போனது. பின்னாலேயே ஒரு பேருந்து. நடுவில் ஒரு வெள்ளைக் கார் நின்றுபோய், நாலு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

நீ பிரேக்கை மிதித்தாய்.

"ஏன் நிறுத்துற? போடி!"

"இரு."

"அவன் போறான் பாரு! போ!"

"பைப்பு வாய் பம்பர்ல இருக்குடி. இந்தத் தண்ணிக்கு அது முழுகிடும். காத்துக்குப் பதிலா தண்ணிய உறிஞ்சிச்சுன்னா எஞ்சின் அங்கயே நின்னுடும். நடுத் தண்ணில அம்மாவ வெச்சுக்கிட்டு என்னா பண்ணுவ?"

அம்மா முனகினாள். அவள் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. எனக்கு உன் வார்த்தை எதுவும் காதில் ஏறவில்லை. நீ காரைப் பற்றிப் பேசுகிறாய் என்பது மட்டும்தான் ஏறியது.

அப்போதுதான் அதைச் சொன்னேன். "காருக்குத்தானடி பயப்படுற! அம்மா இல்லாதவளுக்கு எப்பிடித் தெரியும்?"

ஏழாம் வகுப்பில் உன் அம்மா போனாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் முடிகிறவரை என் அம்மா இரண்டு சாப்பாட்டு டப்பா கட்டினாள். ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. என் மடியில் கிடந்தவளை நீயும் அம்மா என்றுதான் கூப்பிட்டாய். அதெல்லாம் தெரிந்த வாய்தான் அதைச் சொன்னது.

நீ திரும்பிப் பார்க்கவில்லை. பானெட்டைத் திறந்துவிட்டு இறங்கினாய். மழைக்குள் உன் முதுகு மட்டும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. மேல்முனைப் பட்டையின் திருகு துருப்பிடித்து அசையவில்லை. திருப்புளி தேட நீ டிக்கிக்குப் போகவில்லை. இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக் கிழித்தாய். மூன்று ஞாயிறு குனிந்து குனிந்து மாட்டிய அந்தப் பளபளப்பான குழாய் நார் நாராக வந்தது. கடைசித் துண்டை ரோட்டோரம் எறிந்துவிட்டு, மூக்கு மறுபடி மேலே, பழைய இடத்திலிருந்து காற்று எடுக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தாய். பானெட்டைச் சாத்தினாய். அதோடு ஏறிவிடவும் இல்லை. முன்னால் பத்தடி தண்ணீரில் நடந்து, முழங்காலுக்குக் கீழேதான் ஆழம் என்று பார்த்துவிட்டு வந்து ஏறினாய்.

முதல் கியர். நிறுத்தாமல், விரட்டாமல். "துஸ்மான், துஸ்மான்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாய். மெதுவாக, மெதுவாக. உன் அப்பா வண்டி ஓட்டும்போது சொல்லும் வார்த்தை அது. தண்ணீர் கதவின் கீழ் விளிம்பைத் தொட்டது. அந்த வெள்ளைக் காரைக் கடந்தோம். ரோடு ஏறியது.

பெரிய ஆஸ்பத்திரியில் அம்மாவை உள்ளே கொண்டுபோன பிறகு, ஒரு நர்ஸ் உன்னைப் பிடித்து நிறுத்தி, "உங்களுக்கு என்னாச்சுங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் பார்த்தேன். அலுமினியம் உன் வலது உள்ளங்கையைக் குறுக்கே கிழித்திருந்தது. ஐந்து தையல். பிறகு மருந்து வாங்கப் பணப்பையை எடுக்கக் காருக்கு வந்தபோது, கியர்க் குமிழெல்லாம் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

சரியான நேரத்துக்கு வந்தீர்கள் என்றார் டாக்டர். அம்மா அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தாள்.

அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும். நீ வராந்தா பெஞ்சில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன். நீ, "அம்மாவுக்குப் போத்திக்கப் போர்வ கொண்டாரணும்" என்றாய். நான் தலையாட்டினேன். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். எட்டு நாள் அம்மா வார்டில் இருந்தாள், நீ தினமும் வந்தாய். ஒவ்வொரு நாளும் மறுநாள் ஆனது. பிறகு வீடு, மருந்து, பள்ளிக்கூடம். நீ எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. தையில் ஒரு ஞாயிறு புதுச் சிம்னிக் குழாயோடு வந்து நின்றாய். இந்த முறை இரும்புப் பட்டைக்குப் பதிலாகக் கையாலேயே திருகிக் கழற்றுகிற பூட்டு. "பத்து நொடில கழட்டிடலாம். மழை மாசத்துல மாட்டவே வேணாம். வொலா!" என்றாய். நான் சிரித்தேன். இவள் மறந்துவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

அம்மாவின் சாவுக்கு நீ என்னை விட அதிகமாக அழுதாய். பெட்டியில் வைக்கும் முன் அவள் காலை நீ பிடித்துக்கொண்டிருந்தபோது, இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ தள்ளியது. சுற்றி ஆட்கள். விட்டுவிட்டேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, யாருடைய கல்யாணச் சான்றிதழையோ மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவள் மேசையிலேயே தலை சாய்த்துவிட்டாய். மூளையில் ரத்தம் கசிந்தது என்றார்கள். நான் செய்முறைத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தேன். வந்து சேர்ந்தபோது நீ கேட்கிற நிலையில் இல்லை. உன் பெரிய அண்ணன் வந்து அடக்கம் எல்லாம் முடித்துவிட்டு, கார்ச் சாவியை என் கையில் கொடுத்தார். "இத நீங்கதான் வெச்சுக்கணும்" என்றார். எனக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்லவில்லை. நாற்பத்தெட்டு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

போன கார்த்திகையில் ஒன்று நடந்தது. அதை உனக்குச் சொல்லத்தான் இன்றைக்குக் கையைத் துடைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

கயலுக்குச் சென்னையில் வேலைக்கான நேர்முகத் தேர்வு. காலை ஏழு மணிப் பேருந்தில் ஏற்றிவிடக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அதே இடத்தில், அதே மாதிரி தண்ணீர். குழாயை நான் முன்பே கழற்றியிருந்தேன். ஆனாலும் நிறுத்தினேன். இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆழம் பார்க்கத் தண்ணீருக்குள் நடந்தேன். பின்னால் ஹாரன் மேல் ஹாரன். திரும்பி வந்து ஏறியதும் கயல் கத்தினாள்.

"எல்லாரும் போறாங்க, உனக்கு மட்டும் பயம்! உன்னாலதாம்மா எல்லாம் போவுது எனக்கு. நீ ஒண்ணும் ஓட்டவே வேணாம், இறங்கு!"

என் பெண் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அது காதில் விழுந்தது. ஒவ்வொரு வார்த்தையும் விழுந்தது. ஆனால் கண் தண்ணீரில் இருந்தது, கால் கிளச்சில் இருந்தது. வருத்தப்பட அப்போது நேரமில்லை. பேருந்தில் அவளை ஏற்றிவிட்டுத் திரும்பும்போதுதான் நெஞ்சுக்குள் குத்தியது. வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ மறக்கவில்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. நீ கேட்டாய். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டாய். அதைக் கேட்டுக்கொண்டேதான் அந்தக் குழாயைக் கிழித்தாய்.

சாயங்காலம் கயல் போன் செய்தாள். தேர்வு நன்றாகச் செய்தாளாம். பிறகு, "அம்மா, காலைல நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது. தப்பும்மா. மன்னிச்சுடு" என்றாள்.

"சரி விடு. சாப்ட்டியா?" என்றேன்.

"ம். சாப்ட்டேன்."

அவ்வளவுதான். குத்திக்கொண்டிருந்தது போய்விட்டது. இவ்வளவு சின்னதா அது? இருபத்திமூன்று வயதுப் பெண் சாயங்காலத்துக்குள் செய்துவிட்டாள். நான் ஐந்து வருஷம், ஒவ்வொரு ஞாயிறும் உன் எதிரே உட்கார்ந்து மீன் குழம்பு பரிமாறிக்கொண்டே செய்யாமல் விட்டேன்.

நான் கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று இந்தப் பத்து மாதமாக யோசித்துப் பார்க்கிறேன். "போடி, வேற வேல இல்ல" என்றிருப்பாய். அல்லது, "ரொம்ப வலிச்சுதுடி" என்றிருப்பாய். எது என்று எனக்குத் தெரியவில்லை. அளக்க முடிந்ததையெல்லாம் அளந்தவளுக்கு இதற்கு மட்டும் வழியில்லை.

தப்புடி. அன்றைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவள் உனக்கும் அம்மாதான்.